ஜாக்குலின் ஏட்டும் பன்னிரண்டு பாலிமர் பிஸ்டலும்

சனிக்கிழமை பதினோரு மணிக்கு எங்கள் பிரிவின் ஆயுத அறையில் துப்பாக்கிகளுக்கு எண்ணெய்க் குளியல் நடக்கும். அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். நீளமான தகரத் தட்டில் துப்பாக்கி எண்ணெயை ஊற்றி, பிரித்துப் போட்ட பாகங்களை அதில் புரட்டி எடுத்து, மறுபடி பூட்டி, சொட்டச் சொட்ட மரத் தாங்கியில் நிறுத்திவைப்பார் ஜாக்குலின் ஏட்டு. வாசலில் நின்று யாராவது, "ஏட்டம்மா, சீயக்கா போடலியா?" என்பார்கள். அவர் திரும்பாமலே, "நீ வா, உனுக்கும் சேத்து தேச்சு உடறேன்" என்பார்.

எந்தப் பிரிவு, எந்த முகாம் என்று எழுதவில்லை. அது வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவில், கடலிலிருந்து ஒரு சவுக்குத் தோப்பு அளவுக்கு மட்டும் தள்ளியிருக்கும் ஒரு காவல் பிரிவு என்பது போதும். நான் அங்கே அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். சீருடை கிடையாது. கடிதங்களைத் தட்டச்சு செய்து, கோப்பில் கட்டி, தபாலுக்கு அனுப்புவது என் வேலை. என் மேசை ஆயுத அறை வாசலுக்கு நேரெதிரே இருந்ததால், பேசாமல் உட்கார்ந்தே அவரை மூன்று வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த எண்ணெய்க்குக் காரணம் உண்டு. எங்கள் முகாமில் உப்புக்காற்றை எதுவும் தாங்காது. கோப்பில் குத்திய குண்டூசி ஆறே மாதத்தில் காகிதத்தில் பழுப்பு வட்டம் போடும். கேட்டின் கொண்டி கையில் துருவோடு வரும். சில வருடங்களுக்கு முன்னால் புயல் வந்த ஒரு டிசம்பரில் பதினோரு நாள் மின்சாரம் இல்லை. ஆயுத அறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். ஜாக்குலின் நான்கு நாள் வீட்டுக்குப் போகாமல், ஒவ்வொரு துப்பாக்கியையும் பிரித்து எண்ணெயில் போட்டு எடுத்தாராம். பிறகு சென்னையிலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள் ஒரு குழல்கூடத் துருப்பிடிக்கவில்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். அதற்குக் கிடைத்த பாராட்டுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு அறைக்குள் மாட்டியிருந்தார். சனிக்கிழமைக் குளியல் அப்போது தொடங்கியது. அதைப்பற்றி அதன்பிறகு யாரும் அவரிடம் கேள்வி கேட்டதில்லை.

அவருக்கு நாற்பத்து மூன்று வயது. நெம்மேலிக்குப் பக்கத்தில் பிறந்தவர். அப்பா சின்னையன் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். நிலங்கள் மனைகளாக மாறியபோது அந்தக் கூலியும் போய், ஒரு விடுதியில் காவலாளியானார். மகளை செங்கல்பட்டில் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கவைத்தார். முப்பத்தெட்டுப் பையன்களுக்கு நடுவில் ஒரே பெண். அரத்தால் இரும்பை ராவி, இரண்டு துண்டுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியாதபடி பொருத்த வேண்டும் என்பது அங்கே முதல் பாடம். வகுப்பில் முதலில் பொருத்தியது தான்தான் என்பதை அவர் எப்போதாவது, யாராவது கேட்டால் மட்டும், சொல்வார். காவல்துறையில் சேர்ந்த பிறகு அந்த ஃபிட்டர் சான்றிதழ்தான் அவரை ஆயுதப் பராமரிப்புப் பயிற்சிக்கு அனுப்பியது. எங்கள் பிரிவில் அந்த அறையின் சாவியை இடுப்பில் வைத்திருந்த முதல் பெண் அவர். பதினைந்து வருடமாக வைத்திருந்தார்.

எங்களிடம் இருந்த பழைய பிஸ்டல்கள் முழுக்க இரும்பு. இரண்டு தலைமுறை ஆட்களின் கைமாறியவை. பிடியில் கறுப்பு தேய்ந்து வெள்ளை தெரியும். பின்பக்கம் குதிரை எனப்படும் சின்னச் சுத்தி ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அது விழுந்து ஊசியை அடிக்க, ஊசி தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும். எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அதுதான் ஜாக்குலினுக்குப் பிடித்தது.

ஜூன் மாதம் பன்னிரண்டு புதிய பிஸ்டல்கள் வந்தன. மேலே ஓடும் ஸ்லைடும் குழலும் எஃகு. கையில் பிடிக்கும் சட்டம் முழுவதும் பாலிமர், அதாவது ஒரு கெட்டி பிளாஸ்டிக். சுத்தி கிடையாது. அடிக்கும் ஊசி ஸ்லைடுக்குள்ளேயே ஒரு சின்னச் சுரங்கத்தில் ஸ்பிரிங்கோடு ஒளிந்திருக்கும். விஷால் என்ற இளம் காவலர் ஒன்றைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்து, பழையதில் முக்கால் எடைகூட இல்லை என்று பூரித்துப்போனான். அவன் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வளர்ந்தவன். அப்பா அங்கே டெக்னீஷியன். பாலிமர் துருப்பிடிக்காது, வியர்வையில் வழுக்காது, உலகம் முழுக்க இப்போது இதுதான் என்று ஜாக்குலினுக்கே விளக்க ஆரம்பித்தான்.

அவர் அதை வாங்கி, நகத்தால் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னாடா இது, டிபன் பாக்ஸ் சத்தம் வருது."

அன்றிலிருந்து அவை அவருக்கு டிபன் பாக்ஸ்தான். சென்னையில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்த பிறகும் பெயர் மாறவில்லை. பயிற்சி கொடுத்தவர், இதற்கு ஐந்தே இடங்களில் ஒரு சொட்டு எண்ணெய் போதும், ஊசி ஓடும் சுரங்கத்தில் சொட்டுகூடப் படக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். அதை ஜாக்குலின் எங்களிடம் சொல்லிக்காட்டிச் சிரித்தார். ஏ.சி. ரூமில் உட்கார்ந்து பேசுகிறவருக்கு உப்புக்காற்று எப்படித் தெரியும் என்பது அவர் கேள்வி. சட்டம் பிளாஸ்டிக் என்றாலும் உள்ளே இருக்கிற ஊசி எஃகுதானே.

ஜூலையில் புது பிஸ்டல்களை முதல் முறை சுட்டுப் பார்த்தார்கள். எங்கள் ஆட்கள் சுடும் திடல் செங்கல்பட்டுக்குத் தெற்கே ஒரு குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. ஒன்றுகூடச் சிக்கவில்லை. விஷால் இரண்டு நாள் மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான். ஜாக்குலின் புதுசு என்றால் எல்லாமே ஓடத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார்.

செப்டம்பரில் அதே திடலில், நாற்பது பேர் ஆளுக்குப் பத்து தோட்டா சுட்டபோது, முப்பத்தொரு தடவை வெறும் 'டிக்' மட்டும் கேட்டது. விசையை இழுத்தால் ஊசி அடிக்கிறது, தோட்டா வெடிக்கவில்லை.

சுடும் திடலில் அது ஒரு சத்தம். கைதியை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போகும் சாலையில் அது வேறு. எங்கள் ஆட்களுக்கு அந்த வேலைதான் அதிகம். அக்டோபரிலிருந்து வழிக்காவலுக்குப் புது பிஸ்டல்களைத்தான் கொடுப்பது என்று முடிவாகியிருந்தது.

இன்ஸ்பெக்டர் கோபாலகிருஷ்ணன் ஜாக்குலினை அறைக்குக் கூப்பிட்டபோது நான் கையெழுத்துக்காகக் கோப்போடு அங்கே நின்றிருந்தேன். அவர் குரலை உயர்த்துகிறவர் இல்லை. பழைய இரும்பையும் புது பாலிமரையும் ஒப்பிட்டு, எது நம்பகமானது என்று நான்கு நாளில் ஓர் அறிக்கை மேலே போக வேண்டும் என்றார். பிறகு மேசைக் கண்ணாடிக்குக் கீழேயிருந்த ஏதோ ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கருவியில கோளாறுன்னா பன்னெண்டையும் திருப்பி அனுப்பிடலாம்மா. பராமரிப்புல கோளாறுன்னா உன் பேர்தான் வரும். சார்ஜ் மெமோ வரும், ரூம் சாவி போகும். என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

ஜாக்குலின் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவரிடம் ஏற்கனவே ஆதாரம் இருந்தது. திடலிலேயே, வெடிக்காத முப்பத்தொரு தோட்டாக்களையும் பொறுக்கி, பழைய இரும்புப் பிஸ்டலில் போட்டுச் சுடவைத்திருந்தார். இருபத்தொன்பது வெடித்துவிட்டன. ஆக, தோட்டா சரி, சுட்டவர்களும் சரி. வெடிக்காத இரண்டையும் ஒரு தீப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து இன்ஸ்பெக்டரிடம் காட்டினார். ஊசி பட்ட பள்ளம் ஆழமே இல்லை. எறும்பு கடித்த மாதிரி இருந்தது.

"டிபன் பாக்ஸ்க்கு அடிக்கிறதுக்குத் தெம்பு இல்ல ஐயா," என்றார். அதில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது. எனக்கு அது கேட்டது.

அறிக்கையை அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். கடலோர முகாமுக்குப் பாலிமர் பிஸ்டல்கள் ஏற்றவை அல்ல, ஊசியின் வேகம் குறைவு, பழைய பிஸ்டல்களையே தொடரலாம் என்று இரண்டு பக்கம். கூடவே ஒரு பட்டியல் இணைக்க வேண்டும். திடலில் எழுதிவந்த பேரேடு, சுட்டவர்களின் பெயர் வரிசையில் இருந்தது. பிஸ்டல் எண் ஓரத்தில் பொடியாகக் கிறுக்கியிருந்தது. மேலே இருப்பவர்கள் கேட்பது பிஸ்டலைப் பற்றித்தானே என்று நான் அதைப் பிஸ்டல் எண் வரிசைக்கு மாற்றி அடித்தேன். பன்னிரண்டு வரி. ஒவ்வொன்றிலும் எத்தனை தோட்டா, எத்தனை வெடிக்கவில்லை.

நான்காவது நாள் பகல் இரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் அறிக்கையில் கையெழுத்திட்டுவிட்டார். பட்டியலில் ஜாக்குலின் கையெழுத்து மட்டும் பாக்கி. தபால் எடுத்துப்போகும் காவலர் நான்கு மணிக்கு வண்டியை எடுப்பார்.

ஜாக்குலின் என் மேசைக்கு வந்து, நின்றபடியே பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நின்றது. விரல் ஒவ்வொரு வரியாக மேலே போனது. மறுபடி கீழே வந்தது.

"இன்னா தம்பி இது, நாலுல சைபர் போட்டுகினு கீற?"

அப்படித்தான் இருக்கிறது என்று பேரேட்டைத் திருப்பிக் காட்டினேன். எட்டு பிஸ்டல்களில் மூன்று, நான்கு, ஐந்து என்று இருந்தது. நான்கில் ஒன்றுகூட இல்லை. பெயர் வரிசையில் பார்க்கும்போது அது யார் கண்ணிலும் படவில்லை.

அவர் அந்த நான்கு எண்களையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஆயுத அறைக்குள் போனார். எந்தத் துப்பாக்கி எப்போது வெளியே போனது, எப்போது திரும்பியது என்று எழுதும் பதிவேட்டைப் புரட்டுவது என் இடத்திலிருந்து தெரிந்தது. நான்கும் ஜூலைக் கடைசியில் சென்னைக்குச் சிறப்புக் காவலுக்குப் போனவை. சுடும் பயிற்சிக்கு முந்தின நாள்தான் திரும்பியிருந்தன. அதாவது ஏழு வாரம் இங்கே இல்லை.

ஏழு சனிக்கிழமை.

பிறகு ஐந்து தடவை சிக்கிய பிஸ்டலை எடுத்து, ஸ்லைடைக் கழற்றி, பின்மூடியை எடுத்து, ஊசியை உருவினார். காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்றை அந்தச் சுரங்கத்துக்குள் விட்டுச் சுழற்றி வெளியே எடுத்தார். வெள்ளைப் பஞ்சு கறுப்பாக வந்தது. கறுப்பென்றால் புகைக்கறுப்பு அல்ல. களிம்பு. அதில் பித்தளைத் தூள் பொடிப்பொடியாக மினுங்கியது. எண்ணெயும் வெடிமருந்துக் கரியும் தோட்டாவிலிருந்து உதிர்ந்த தூளும் சேர்ந்து குழைந்து, ஊசி ஓடும் வழியை ஒரு மெத்தை மாதிரி ஆக்கியிருந்தன. ஊசி அதில் புதைந்து புதைந்து போய், வேகம் செத்து, தோட்டாவைத் தொட்டிருக்கிறது. தெம்பில்லை என்று அவர் சொன்னது சரிதான். இரும்புப் பிஸ்டலில் சுத்தியின் அடி பலமானது. அதன் ஊசிக்கு எவ்வளவு எண்ணெய் இருந்தாலும் பொருட்டில்லை. பதினைந்து வருடம் அவர் பழகியது அதோடுதான்.

இரண்டாவது குச்சி. மூன்றாவது. அடுத்த பிஸ்டல். அதிலும் அதே. சைபர் போட்ட நான்கில் ஒன்றைத் திறந்தார். பஞ்சு லேசாகச் சாம்பல் நிறத்தில் வந்தது, அவ்வளவுதான்.

குச்சிகளை ஒரு காகிதத்தில் வரிசையாக வைத்து என் மேசைக்குக் கொண்டுவந்தார்.

"நான்தான் தம்பி," என்றார். "டிபன் பாக்ஸ் இல்ல. நான்தான்."

மேசையிலிருந்த உறையை, அறிக்கை உள்ளே இருந்த உறையை, இருவரும் பார்த்தோம். மணி இரண்டு நாற்பது.

அவர் உட்கார்ந்தார். என் மேசைக்கு முன்னால் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. தாழ்ந்த குரலில், எனக்கென்று இல்லாமல், கணக்குப் போடுவதுபோலப் பேசிக்கொண்டே போனார். எட்டையும் சாயங்காலத்துக்குள் துடைத்து வைத்துவிடலாம். அடுத்த தடவை சுடும்போது எல்லாம் ஓடும். தோட்டாக் கட்டு ஈரமாகியிருந்தது என்று சொல்லிவிடலாம். இல்லையென்றால் அறிக்கை இப்படியே போகட்டும், பன்னிரண்டும் சென்னைக்குத் திரும்பிப் போகட்டும், அங்கே யார் பஞ்சுக் குச்சி விட்டுப் பார்க்கப்போகிறார்கள். யாருக்கும் தெரியாது. தெரிந்தது எனக்கு மட்டும். நான் பேசமாட்டேன் என்பது முகாமுக்கே தெரியும்.

பிறகு கணவருக்குப் போன் செய்தார். ஜோயல் அண்ணன் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் ஆபரேட்டர். அங்கே எந்திரச் சத்தம் அதிகம் என்பதால் சத்தமாகப் பேசுவார். போனில் அவர் சொன்னது எனக்கும் கேட்டது. ஜாக்குலின் நடந்ததை முழுதும் சொல்லி முடித்தார்.

"சொல்லிடு," என்றார் ஜோயல்.

"சாவி பூடும்யா."

"போனா போவட்டும். சொல்லாங்காட்டி நீ சோறு துன்னமாட்ட. உன்னைய வச்சிக்கினு நான் பேஜாராவணும்."

ஜாக்குலினுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது. போனை வைத்தார். உறையை எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் அறைக்குப் போனார். குச்சிகள் இருந்த காகிதத்தை மறந்துவிட்டார். நான் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அதனால்தான் அந்தப் பேச்சும் எனக்குக் கேட்டது.

அவர் சுற்றி வளைக்கவில்லை. சென்னையில் பயிற்சி கொடுத்தவர் ஊசிச் சுரங்கத்தில் எண்ணெய் கூடாது என்று சொன்னார், தனக்கு அது தெரியும், தெரிந்தும் ஊற்றியது தான்தான் என்றார். பட்டியலையும் பஞ்சுக் குச்சிகளையும் மேசைமேல் வைத்தார். கோபாலகிருஷ்ணன் ஒரு குச்சியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கியது. கோபம் வந்தது குச்சிமேலோ ஜாக்குலின்மேலோ அல்ல. காலையிலேயே மேலதிகாரியிடம் போனில், பிஸ்டல்தான் மட்டம் என்று அவர் சொல்லிவிட்டிருந்தார்.

"நான் கையெழுத்துப் போட்டப்புறமா வந்து சொல்ற?"

"இப்பதான் ஐயா பார்த்தேன்."

"பார்க்காம இருந்திருக்கலாம்," என்றார். உடனே, தான் சொன்னது சரியில்லை என்பதுபோலத் தலையை அசைத்துக்கொண்டார். உறையை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார்.

அவர் சொன்ன ஏற்பாடு எளிமையானது. சிக்கிய எட்டில் நான்கை மட்டும் இன்றே துடைக்க வேண்டும். நான்கை அப்படியே விட வேண்டும். நாளைக் காலை திடலில் எட்டையும், கூடவே நான்கு பழைய இரும்புப் பிஸ்டல்களையும், ஒரே கட்டுத் தோட்டாவை வைத்துச் சுட வேண்டும். ஒவ்வொன்றிலும் ஐம்பது. ஜாக்குலின் சொல்வது உண்மையானால் துடைத்த நான்கும் ஓடும். ஓடாவிட்டால், கருவியும் கெட்டது, ஏட்டும் கெட்டார் என்று இரண்டையும் எழுத வேண்டியிருக்கும்.

மறுநாள் பட்டியல் எழுத என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார்கள். ஆறரை மணிக்கே வெயில் குன்றின் உச்சியிலிருந்து கீழே இறங்க ஆரம்பித்திருந்தது. ஜாக்குலின் வழியெல்லாம் தன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை.

சுட்டது விஷாலும் இன்னும் இரண்டு பேரும். முதலில் பழைய இரும்பு. இருநூறு தோட்டாவில் மூன்று சிக்கல். மூன்றும் தோட்டா அடுக்கிச் செருகும் ஒரே மேகசினில். அதன் வாய் நசுங்கியிருந்தது. ஜாக்குலின் அதைத் தனியே எடுத்துவைத்தார். அடுத்து துடைக்காத நான்கு. முதல் பத்துத் தோட்டாவுக்குள்ளேயே 'டிக்' கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அவர் தலையாட்டினார். இருநூறில் பதினேழு.

கடைசியாகத் துடைத்த நான்கு. என் பேனா காகிதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பத்து. இருபது. ஐம்பது. முதல் பிஸ்டல் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவதை விஷால் எடுத்தான். முப்பத்தாறாவது தோட்டாவில் பிஸ்டல் நின்றுவிட்டது.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். ஜாக்குலின் நடந்தார், ஓடவில்லை. விஷாலிடம் குழலைத் திடல் பக்கமே வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு, அவன் கைக்குப் பின்னாலிருந்து குனிந்து பார்த்தார். ஸ்லைடு பாதி வழியில் நின்றிருந்தது. வெடித்த தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியே போக முடியாமல் வாயில் நிமிர்ந்து நின்றது.

"வெடிச்சிருக்கு ஐயா," என்றார். "ஊசி நல்லா அடிச்சிருக்கு. கூடுதான் மாட்டிகினு கீது." பிறகு விஷாலின் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டினார். "இன்னாடா இது, வெண்டக்கா மாதிரி. முப்பது சுட்டதும் கை தொங்கிப்போச்சா?"

கை வலிக்கிறது என்று அவன் ஒப்புக்கொண்டான்.

"பழசுல நீ எப்படிப் பிடிச்சாலும் அதோட வெயிட்டே அதைப் பிடிச்சுக்கும். இது இலேசு. நீதான் இறுக்கிப் பிடிக்கணும். நீயும் சேர்ந்து பின்னாடி போனா ஸ்லைடு எங்கடா போவும்?"

கூட்டை எடுத்துவிட்டு, பிடியை இறுக்கச் சொல்லி, மீதியைச் சுடச் சொன்னார் இன்ஸ்பெக்டர். பதினான்கும் போயின. நான்காவது பிஸ்டலில் ஐம்பதும் போயின. ஜாக்குலின் உத்தரவு வாங்கிக்கொண்டு, விஷாலைக் கை தளர்த்திப் பிடிக்கச் சொல்லி அதே மூன்றாவது பிஸ்டலை மறுபடி சுடவைத்தார். ஏழாவது தோட்டாவில் அதேபோலக் கூடு மாட்டியது. இறுக்கிப் பிடித்தபோது மாட்டவில்லை. அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். பட்டியலில் துடைத்த நான்குக்கும் நேரே, வெடிக்காதவை என்ற இடத்தில், நான்கு சைபர் போட்டேன். என் கையெழுத்து அவ்வளவு அழகாக எப்போதும் வந்ததில்லை.

அவர் வேனின் நிழலில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். விஷால் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தான். குடித்தார், முகத்தில் ஊற்றிக்கொண்டார், பாட்டிலை அவனிடமே திருப்பிக் கொடுத்தார். கோபாலகிருஷ்ணன் பக்கத்தில் வந்து நின்று, நாலு மணித் தபாலைத் தான் நிறுத்திவைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பதுபோல ஏதோ சொன்னார். அவரும் மூச்சு விட்டுக்கொண்டார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

முகாமுக்கு வந்ததும் புது அறிக்கை. இந்தத் தடவையும் ஜாக்குலின் சொல்ல நான் அடித்தேன்; இன்ஸ்பெக்டர் கூடவே உட்கார்ந்திருந்தார். எது நம்பகமானது என்ற கேள்விக்கு ஜாக்குலின் பதில் சொன்னார்.

"இரும்பு, எண்ணெ கூடிப்போனா மன்னிச்சுடும், கம்மியானா மன்னிக்காது. இது எண்ணெ கம்மியானா மன்னிக்கும், கூடிப்போனா மன்னிக்காது."

"அறிக்கையில மன்னிக்கும் கின்னிக்கும்லாம் எழுத முடியாதும்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் 'பாதிப்பில்லை' என்று அடித்தேன். அதற்குக் கீழே ஜாக்குலின் சொன்னபடியே, பாலிமர் பிஸ்டல்களில் குறை இல்லை, பயிற்சியில் சொல்லப்பட்டதற்கு மாறாக ஆயுதப் பராமரிப்பாளரான தான் ஊசிப் பாதையில் எண்ணெய் இட்டதே காரணம், எடை குறைவானதால் பிடியில் கூடுதல் பயிற்சி தேவை, இனி குழலுக்கும் ஸ்லைடின் வெளிப்புறத்துக்கும் மட்டும் எண்ணெய் துணியில் தொட்டுத் துடைக்கப்படும் என்று போட்டேன். தன் பெயரையும் எண்ணையும் முழுதாகப் போடச் சொன்னார். போட்டேன். அன்றைய நான்கு மணித் தபாலில் அது போனது.

சாவியை அன்றே அவர் இன்ஸ்பெக்டர் மேசையில் வைத்தார். உத்தரவு வரும்வரை வைத்திரு என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். உத்தரவு வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் ஜாக்குலின் அறையைத் தினமும் கூட்டினார், பதிவேடுகளை நேர்செய்தார், அடுத்து வருகிறவருக்குப் புரியும்படி ஒவ்வொரு தாங்கிக்கும் காகிதச் சீட்டு ஒட்டினார். வாசலில் நின்று யாரும் கிண்டல் பேசவில்லை. அவரும் யாரையும் திட்டவில்லை. என் மேசைக்கு அந்தப் பக்கம் அவ்வளவு அமைதியாக எப்போதும் இருந்ததில்லை. எனக்கு அமைதி பிடிக்கும், ஆனாலும் அது பிடிக்கவில்லை.

பத்தாம் நாள் காலைத் தபாலில் ஒரு பக்கக் கடிதம் வந்தது. பிரித்தது நான். தலைமைக் காவலர் தானாக முன்வந்து தெரிவித்ததைக் கருத்தில்கொண்டு வாய்மொழியாக எச்சரித்து விடப்படுகிறது, ஆயுத அறைப் பொறுப்பில் அவரே தொடரலாம், பன்னிரண்டு பிஸ்டல்களையும் வழிக்காவலுக்கு வழங்கலாம். கடைசியில், மற்ற கடலோர முகாம்களின் பராமரிப்பாளர்களும் தங்கள் ஊசிப் பாதைகளைச் சரிபார்த்து அறிக்கை தர வேண்டும் என்று இருந்தது.

இன்ஸ்பெக்டருக்குக் காட்டும் முன்னால் அதை எடுத்துக்கொண்டு நேரே எதிர் வாசலுக்குப் போனேன். அது முறையல்ல. அவர் நின்றபடியே படித்தார். இரண்டாம் தடவை உதடு அசையப் படித்தார். மூன்றாம் தடவை கடைசிப் பத்தியை மட்டும்.

"மத்தவங்களும் ஊத்திக்கினுதான் இருந்திருக்கானுங்க போல," என்றார். சுவரில் சாய்ந்துகொண்டார். முகம் முழுக்கத் தளர்ந்து, பத்து வயது குறைந்தமாதிரி இருந்தது.

பிறகு வெள்ளைத் தாள் ஒன்று கேட்டார். விளக்கக் கடிதம் எழுதப்போகிறாரோ என்று நினைத்துக் கொடுத்தேன். என் மேசை ஓரத்திலேயே குனிந்து நாலு வரி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். வெள்ளி, சனி இரண்டு நாள் விடுப்புக்கான விண்ணப்பம். காரணம் என்ற இடத்தில் 'தூங்குவதற்கு' என்று எழுதியிருந்தார்.

அப்படிப் போட்டால் ஏற்கமாட்டார்களே என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். சொந்த வேலை என்று மாற்றித் தரட்டுமா என்றேன்.

"இது சொந்த வேலதான் தம்பி," என்றார். "அப்படியே வையி."

அப்படியே வைத்தேன். கோபாலகிருஷ்ணன் அதைப் படித்தார், என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், 'அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதினார்.